ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு: உலையைக் காத்ததும் பாடசாலைக் கூரையை வீழ்த்தியதும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பமும் இரசாயனவியலும் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பின் அளவு விரல் நுனியில் தெரியும். குறைந்தால் சிவக்காது, கூடினால் வாய் வெந்துவிடும். அந்தச் சுண்ணாம்புக்கு மூலமான சுட்ட சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஒட்சைட்டு, அலுமினா என்ற வெண்தூளோடு சேர்ந்தபோது என்னென்ன செய்தது என்பதுதான் இன்று நாம் பேசப்போகும் வரலாறு. அலுமினா என்றால் அலுமினியம் ஒட்சைட்டு. அது உருக ஏறத்தாழ 2,050 பாகை செல்சியஸ் வேண்டும். இரும்புருக்கு உலைகளின் உட்சுவருக்கு அதனை நாடுவது அதனால்தான். அந்த அலுமினாவுக்குள் எவ்வளவு சுண்ணாம்பு போகலாம் என்ற கேள்விக்கு விடை தேட மனிதனுக்கு நூறு வருடங்களுக்கு மேல் எடுத்தது. இடையில் இரண்டு பாடசாலைகளின் கூரைகள் விழுந்தன. பின்னர் வேறொரு நாட்டில் ஓர் உயிரும் போனது.

பாடசாலைக் கூரை என்றதும் எமக்கு நெஞ்சு பதறும். எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

*போக்சைட்டும் சுண்ணாம்பும்*

1821ஆம் ஆண்டு பிரான்சின் தென்பகுதியில் லெ போ என்ற ஊருக்கு அருகில் பியர் பெர்த்தியே என்ற புவியியலாளர் ஒரு செந்நிறக் கல்லைக் கண்டறிந்தார். அதில் அலுமினா நிறைந்திருந்தது. ஊரின் பெயரை வைத்தே அந்தக் கல்லுக்குப் போக்சைட் என்று பெயர் வந்தது. இன்று எமது அடுப்படியில் உள்ள அலுமினியச் சட்டி பானைகளின் மூலப்பொருள் அதுதான்.

1850களில் ஹென்றி சான்-கிளேர் தெவில் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் அலுமினியத்தை இரசாயன முறையில் பிரித்தெடுத்துப் புகழ்பெற்றார். அவருக்கு இன்னொரு தேவையும் இருந்தது. பிளாற்றினம் போன்ற உலோகங்களை உருக்க, கடும் சூட்டிலும் உருகாத மூசை வேண்டும். அலுமினாவையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூள், தண்ணீர் பட்டதும் இறுகுவதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்தத் தூளைப் பசையாக்கி, அலுமினாக் கற்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி மூசை செய்தார். இன்று உலகெங்கும் உலைகளுக்குப் பூசப்படும் அனல் தாங்கும் கொங்கிரீட்டின் முன்னோடி அது. ஆனால் அந்தக் காலத்தில் அது ஆய்வுகூடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

*உருக்கிச் செய்த சீமெந்து*

அடுத்த கட்டம் வேறொரு பிரச்சினையில் இருந்து வந்தது. பிரான்சின் தெற்கில் ஜிப்சம் கலந்த மண் நிறைய உண்டு. அந்த மண்ணில் ஊறிவரும் நீரில் சல்பேற்று இருக்கும். அது சாதாரண போர்ட்லண்ட் சீமெந்துக் கொங்கிரீட்டை அரித்து, வீங்கவைத்து, உதிர்த்துவிடும். கட்டிய சில வருடங்களிலேயே கட்டுமானங்கள் கெட்டுப்போயின.

லெ தெய் என்ற ஊரில் இயங்கிய லஃபார்ஜ் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜூல்ஸ் பியெட். அவர் சுண்ணாம்புக்கல்லையும் போக்சைட்டையும் முழுதாக உருக்கி, ஆறவைத்து, அரைத்து ஒரு கருஞ்சாம்பல் நிறச் சீமெந்தை உருவாக்கினார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. அதன் பெயர் 'சிமோன் ஃபொந்து', உருக்கிய சீமெந்து என்று பொருள். அதில் அலுமினா சுமார் 40 வீதம், சுண்ணாம்பும் ஏறக்குறைய அதே அளவு, மிகுதியில் பெரும்பகுதி இரும்பு ஒட்சைட்டு.

எமது கடைகளில் மூடையாக விற்கப்படும் போர்ட்லண்ட் சீமெந்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. போர்ட்லண்டில் சுண்ணாம்பு பிரதானமாகச் சிலிக்காவோடு சேர்ந்திருக்கும். இதில் அலுமினாவோடு சேர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பதிவு முடியும்வரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வீடு கட்டும் சீமெந்தைப் பற்றி எவரும் வீணாகப் பயப்படக்கூடாது.

சல்பேற்றைத் தாங்குவதற்காகப் பிறந்த இந்தச் சீமெந்துக்கு எதிர்பாராத இன்னொரு குணமும் இருந்தது. போர்ட்லண்ட் கொங்கிரீட் 28 நாட்களில் பெறும் பலத்தை இது ஏறத்தாழ ஒரே நாளில் பெற்றுவிடும். முதலாம் உலகப் போரின்போது பீரங்கிகளை நிறுத்தும் மேடைகளை அவசரமாக அமைக்கப் பிரெஞ்சு இராணுவம் இதனைப் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் சந்தைக்கு வந்தது. 1920களில் பிரித்தானியாவுக்கும் போனது.

*அவசரக் காலத்தின் செல்லப்பிள்ளை*

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய நகரங்கள் குண்டுவீச்சால் சிதைந்தன. போருக்குப் பின் வீடுகளும் பாடசாலைகளும் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. தொழிற்சாலையில் அச்சில் வார்த்த கொங்கிரீட் பீம்களைக் கொண்டுவந்து பொருத்தும் முறை பரவியது. போர்ட்லண்ட் சீமெந்தில் வார்த்தால் அச்சு பல நாட்களுக்கு முடங்கிக் கிடக்கும். உயர் அலுமினாச் சீமெந்தில் வார்த்தால் மறுநாளே கழற்றி அடுத்த பீமை வார்க்கலாம். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1950கள், 60களில் ஏராளமான கட்டடங்களின் கூரைகளிலும் தளங்களிலும் இந்த பீம்கள் ஏறின.

1973 ஜூன் மாதம் லண்டனில் கேம்டன் பெண்கள் பாடசாலையின் மண்டபக் கூரை இடிந்து விழுந்தது. கட்டி இருபது வருடங்கள்கூட ஆகாத மண்டபம். விசாரணையில் பீம்கள் சுவரில் தங்கியிருந்த இடம் போதாதது முக்கிய காரணமாகத் தெரியவந்தது. சீமெந்து பலம் குறைந்திருந்ததும் கண்டறியப்பட்டது.

எட்டு மாதங்கள் கழித்து, 1974 பெப்ரவரி 8ஆம் திகதி, கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் சேர் ஜோன் காஸ் பாடசாலையின் நீச்சல் தடாகக் கூரை வீழ்ந்தது. அந்தக் கட்டடத்துக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. இம்முறை சீமெந்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு சம்பவங்களிலும் எந்தப் பிள்ளையின் உயிரும் போகவில்லை. ஆனால் நீச்சல் தடாகம் என்பது பிள்ளைகள் மணிக்கணக்கில் நிற்கும் இடம். நேரம் சற்று மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

*உள்ளே நடந்தது என்ன?*

பிள்ளைகளுக்காக இதனை எளிமையாகச் சொல்கிறோம்.

இந்தச் சீமெந்து தண்ணீரோடு சேர்ந்ததும் நிறையத் தண்ணீரைத் தன்னுள் பிடித்துவைத்த பளிங்குகள் உருவாகின்றன. அவை பருமனானவை. இடைவெளிகளை நிரப்பி உடனே பலத்தைத் தருகின்றன. ஆனால் அவை நிலையானவை அல்ல. காலப்போக்கில், சூடும் ஈரமும் இருக்கும் இடத்தில் இன்னும் வேகமாக, அவை தண்ணீரை விட்டுவிட்டு வேறொரு பளிங்காக மாறுகின்றன. முதலாவது பளிங்கின் அடர்த்தி சுமார் 1.72, இரண்டாவதன் அடர்த்தி சுமார் 2.52. அடர்த்தி கூடினால் பிடிக்கும் இடம் குறையும். முன்பு திடப்பொருள் நிரப்பியிருந்த இடத்தில் ஏறக்குறைய பாதி வெறுமையாகிவிடும். வெளியில் பார்த்தால் பீம் அதே பீம்தான். உள்ளே அது நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சு.

நீச்சல் தடாகத்தின் கூரை வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்த இடம். மாற்றத்துக்கு அதைவிடச் சாதகமான சூழல் இல்லை. போதாததற்கு, துளைகள் கூடிப்போன கொங்கிரீட்டுக்குள் பூச்சுச் சாந்தில் இருந்த சல்பேற்றும் இறங்கியிருந்தது. சல்பேற்றைத் தாங்கவென்று பிறந்த சீமெந்தையே கடைசியில் சல்பேற்றும் சேர்ந்து அரித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கலக்கும்போது தண்ணீர் குறைவாக இருந்திருந்தால், மாற்றத்துக்குப் பிறகும் போதிய பலம் எஞ்சியிருக்கும். வேலை இலகுவாக ஓடட்டும் என்று தண்ணீரைக் கூட்டிய கலவைகள்தான் மோசமாகக் கெட்டன.

*தெரிந்திருந்தும் கேட்காதவர்கள்*

இந்த மாற்றம் 1974இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. பிரான்ஸ் 1943இலேயே நிரந்தரமான பொதுக் கட்டுமானங்களில் இதன் பாவனையைக் கட்டுப்படுத்தியது. அந்தச் சீமெந்து பிறந்த நாடே பிரான்ஸ்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மேற்கு ஜேர்மனி 1962இல் பாரந்தாங்கும் கட்டுமானங்களில் இதனைத் தடைசெய்தது. 1963இல் அடம் நெவில் என்ற கொங்கிரீட் நிபுணர் பிரித்தானியப் பொறியியலாளர்களின் முன் எச்சரிக்கைக் கட்டுரை ஒன்றை வைத்தார். எதிர்த்தவர்கள் பலர். நல்ல முறையில் கலந்தால் ஒன்றும் ஆகாது என்றார்கள். அதன் பின்னரும் பீம்கள் வார்க்கப்பட்டன, பாடசாலைகளில் ஏற்றப்பட்டன. ஸ்டெப்னிக் கட்டடம் அந்த எச்சரிக்கைக்குப் பிறகு எழுந்தது.

ஸ்டெப்னிச் சம்பவத்துக்குப் பிறகுதான் பிரித்தானியா கட்டட விதிகளில் இருந்து இந்தச் சீமெந்தை நீக்கியது. நாடு முழுவதும் கட்டடங்கள் பரிசோதிக்கப்பட்டன. நியாயமாகச் சொல்வதானால், பெரும்பாலான கட்டடங்கள் பாதுகாப்பாகவே இருந்தன. ஆனால் எது பாதுகாப்பானது என்று சோதித்த பின்னர்தானே தெரியும்?

ஸ்பெயினும் இதே பாதையில் நடந்தது. 1990 நவம்பரில் பார்சிலோனாவின் துரோ தெ லா பெய்ரா என்ற குடியிருப்புப் பகுதியில் ஒரு தொடர்மாடி இடிந்து ஒரு பெண் உயிரிழந்தார். அங்கும் அலுமினாச் சீமெந்தில் செய்த பீம்கள்தான். ஸ்டெப்னி நடந்து பதினாறு வருடங்கள் கழிந்திருந்தன. அறிவு ஒரு நாட்டின் நூலகத்தில் இருந்தது, ஆபத்து இன்னொரு நாட்டின் கூரையில் இருந்தது.

*அதே சீமெந்து உலைக்குள்*

இத்தோடு கதை முடிந்தால் சுண்ணாம்பும் அலுமினாவும் சேரவே கூடாது என்று எண்ணத் தோன்றும். அது நியாயமல்ல. கூரையில் தோற்ற இந்தச் சீமெந்து உலைக்குள் வென்றது.

எமது ஊர்ப் பேக்கரிகளின் போறணை சில நூறு பாகையில் வேலை செய்கிறது. செங்கல்லும் களிமண்ணும் அதற்குப் போதும். உருக்கு ஆலையில் உருகிய இரும்பு 1,550 முதல் 1,600 பாகை வரை இருக்கும். அந்தப் பாத்திரத்தின் உட்சுவர் கரைந்தால் அந்தத் தீக்குழம்பு தொழிலாளர்களின் மேல்தான் வந்து விழும். முன்பு தீச்செங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கி உட்சுவர் கட்டினார்கள். அலுமினாக் கற்துண்டுகளை உயர் அலுமினாச் சீமெந்தோடு கலந்து, கொங்கிரீட் போல ஊற்றினால் எந்த வடிவத்துக்கும் சுவர் அமைக்கலாம் என்பது 1920கள் தொட்டுப் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரும்பு நீக்கிய, அலுமினா 70 முதல் 80 வீதம் வரை உள்ள வெண்சீமெந்துகளும் வந்தன.

ஊற்றி ஒரு நாளில் சுவர் இறுகும். பிறகு மெல்ல மெல்லச் சூடாக்குவார்கள். சீமெந்து பிடித்துவைத்த தண்ணீர் ஆவியாகப் போகும். பளிங்கு மாறி வெறுமையாவதெல்லாம் இங்கு பெரிய பிரச்சினையல்ல. ஏனெனில் உலைச்சுவரின் உண்மையான பலம் சீமெந்தில் இருந்து வருவதில்லை. அது 1,000 பாகைக்கு மேல் நடக்கும் 'சின்டரிங்' என்ற செயலில் இருந்து வருகிறது.

*சின்டரிங் என்றால்?*

தூளான பொருளை உருகுநிலைக்குக் கீழேயே நன்றாகச் சூடாக்கினால், மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அணுக்கள் நகர்ந்து பாலம் கட்டும். இடைவெளிகள் சுருங்கும். மண்பானை சூளையில் வேகும்போது நடப்பதும் இதன் ஒரு வகைதான். கூடவே இன்னொன்றும் நடக்கும். ஆற்றி ஊற்றிய தேநீரின் நுரையைக் கவனித்தால் சிறு குமிழிகள் மறைந்து பெரியவை வளர்வது தெரியும். அதேபோல சூட்டில் சிறு மணிகள் மறைந்து பெரிய மணிகள் வளரும்.

இந்தச் சந்தையில் சுண்ணாம்பு புகுந்தால் மூன்று விதமான வேலைகளைச் செய்யும்.

முதலாவது, சிலிக்காவும் கூட இருந்தால் திரவத்தை உண்டாக்கும். சுண்ணாம்பு, அலுமினா, சிலிக்கா மூன்றும் தனித்தனியே 1,700 பாகைக்கு மேலேயே உருகுபவை. சரியான விகிதத்தில் மூன்றும் சேர்ந்துவிட்டால் 1,200 பாகைக்கும் கீழே உருகத் தொடங்கும். அலுமினா மிகுந்த உலைச்சுவரிலும் 1,500 பாகையை அண்டித் திரவம் தோன்றிவிடும். உருக்கின் சூடு அதைவிடக் கூட. ஆகவே சுவர் மெல்ல இளகிவிடும். மூவரும் தனியே கெட்டிக்காரர்கள், சேர்ந்தால் இளகிப்போகிறவர்கள்.

அதேநேரம் அந்தத் திரவம் சிறிதளவே இருந்தால் நன்மையும் உண்டு. மணிகளை நனைத்து, நெருக்கி இழுத்து, குறைந்த சூட்டிலேயே சின்டரிங்கை விரைவாக்கும். எவ்வளவு சூட்டில் பாவிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே அது நண்பனா எதிரியா என்பது தீர்மானமாகும்.

இரண்டாவது, சிலிக்கா இல்லாத இடத்தில் சுண்ணாம்பு அலுமினாவோடேயே சேரும். 1,400 பாகைக்கு மேல் ஒரு சுண்ணாம்புக்கு ஆறு அலுமினா என்ற கணக்கில் தட்டுத் தட்டான பளிங்குகள் உண்டாகும். அவை உருவாகும்போது இடம் கூடுதலாகப் பிடிக்கும். சுவர் சுருங்க வேண்டிய நேரத்தில் விரியப் பார்க்கும், அடர்த்தியாவது தடைப்படும். ஆனால் அந்தத் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்பதால் வெடிப்பு இலகுவில் ஓடாது. இன்று இந்தப் பளிங்கையே விரும்பி வளர்த்து, சூட்டைக் கடத்தாத இலேசான உலைக்கற்கள் செய்கிறார்கள்.

மூன்றாவது வேலையைச் சற்றுப் பிறகு, தெருவிளக்கின் கதையில் சொல்கிறோம்.

*குறைத்தால் என்ன?*

1960களின் இறுதியில் பிரான்சில் சில ஆய்வாளர்கள் புதிய வழியொன்றைத் திறந்தார்கள். சீமெந்தைக் குறைத்து, அந்த இடத்தை மிக நுண்ணிய அலுமினாத் தூளாலும் சிலிக்காத் தூளாலும் நிரப்பினார்கள். பெரிய கற்களுக்கு இடையில் சிறு கற்கள், அவற்றுக்கு இடையில் மணல், அதற்கிடையில் மாவு என்று இடைவெளியே இல்லாமல் அடுக்குவதுதான் உத்தி. தூள்கள் கட்டிபடாமல் பிரிந்து நிற்க வேறொரு பொருளும் சேர்த்தார்கள். தேவைப்பட்ட தண்ணீரும் பாதியளவுக்குக் குறைந்தது.

இதில் இருந்து பிறந்த வகைப்படுத்தல் இன்றுவரை பாவனையில் உள்ளது. சுண்ணாம்பு 2.5 வீதத்துக்கு மேல் இருந்தால் வழமையான கலவை. 1.0 முதல் 2.5 வீதம் வரை குறைசீமெந்துக் கலவை. 0.2 முதல் 1.0 வீதம் வரை மிகக் குறைந்த சீமெந்துக் கலவை. 0.2 வீதத்துக்கும் கீழே என்றால் சீமெந்தற்ற கலவை. ஒரு பொருளின் தரத்தையே அதில் உள்ள சுண்ணாம்பின் அளவை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். எமது வெற்றிலைப் பெட்டிக்கு அடுத்தபடி இவ்வளவு கவனமாகச் சுண்ணாம்பை அளப்பது உலைக்காரர்கள்தான்.

1970கள், 80களில் இது உலகெங்கும் பரவியது. அதற்கும் ஒரு விலை இருந்தது. சுவர் அடர்த்தியானதால் முதன்முறை சூடாக்கும்போது நீராவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, சுவரே வெடிக்கும் ஆபத்து வந்தது. அதைத் தவிர்க்க மெல்லிய பிளாஸ்திக் நார்களைக் கலவையில் சேர்த்தார்கள். சூட்டில் நார் உருகிப்போக, ஆவி போவதற்குச் சிறு வழிகள் திறந்துகொள்ளும். அவசரப்பட்டுச் சூடாக்கக்கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை.

*மஞ்சள் தெருவிளக்கு*

எமது நகரங்களின் வீதிகளில் எல்இடி வருவதற்கு முன் பொன்மஞ்சள் நிறத்தில் எரிந்த விளக்குகளை எல்லோரும் அறிவோம். அவை உயரழுத்தச் சோடியம் விளக்குகள். சூடான சோடிய ஆவி கண்ணாடியைத் தின்றுவிடும். ஆகவே சோடியத்தைத் தாங்கும், ஒளியையும் கடத்தும் குழாய் வேண்டியிருந்தது. அலுமினா தாங்கும். ஆனால் சின்டரிங் செய்த அலுமினா பீங்கான் போல வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும். உள்ளே அகப்பட்டுக்கொண்ட நுண்துளைகள்தான் காரணம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் 1955இல் சேர்ந்தவர் ரொபர்ட் கோபிள் என்ற இளைஞர். சூட்டில் சில மணிகள் மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்து, துளைகளைத் தமக்குள் விழுங்கிவிடுவதை அவர் கவனித்தார். மணிக்குள் போன துளை வெளியே வரமுடியாது. கால் வீதமளவு மக்னீசியம் ஒட்சைட்டைச் சேர்த்தபோது அந்த அசுர வளர்ச்சி நின்றது. துளைகள் வெளியேறின. ஒளி புகும் அலுமினா கிடைத்தது. 1959இல் அது அறிவிக்கப்பட்டது, 1962இல் காப்புரிமை கிடைத்தது, 1960களின் நடுப்பகுதியில் விளக்குகள் விற்பனைக்கு வந்தன.

மக்னீசியம் ஏன் உதவியது என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள். அதில்தான் கல்சியத்தின் மூன்றாவது வேலை வெளிப்பட்டது. 1990களில் கொரிய ஆய்வாளர்கள் மிகத் தூய்மையான அலுமினாவை எடுத்து, மக்னீசியம் சேர்க்காமலே சின்டரிங் செய்து பார்த்தார்கள். மணிகள் ஒழுங்காகவே வளர்ந்தன. அதே அலுமினாவில் கல்சியத்தையும் சிலிக்காவையும் மில்லியனுக்குச் சில பத்துப் பங்குகள் என்ற அளவில் சேர்த்தபோது அசுர வளர்ச்சி தொடங்கியது. குற்றவாளி அலுமினா அல்ல, அதில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த அழுக்குத்தான்.

காரணம் விளங்கச் சிரமமில்லை. கல்சிய அயனின் பருமன் அலுமினிய அயனைவிட ஏறக்குறைய இரு மடங்கு. வகுப்பறை வாங்கில் ஒருவருக்குரிய இடத்தில் இருவரின் பருமனுள்ளவர் உட்கார முடியுமா? பளிங்குக்குள் இடம் கிடைக்காத கல்சியம் மணிகளின் எல்லையில் போய்க் குவிகிறது. முழுப் பொருளிலும் மில்லியனில் சில பங்கு என்றாலும், எல்லையில் அது பெருங்கூட்டம். எல்லை எங்கே எவ்வளவு வேகமாக நகரவேண்டும் என்பதை அந்தக் கூட்டமே தீர்மானிக்கிறது.

இந்தக் கல்சியம் எங்கிருந்து வரும்? உலைத் தூசியில் இருந்து வரலாம், கழுவும் நீரில் இருந்தும் வரலாம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் படிவை எம் வரண்ட பிரதேசத்து வீடுகளில் தினமும் காண்கிறோம். அந்தக் கிணற்று நீரில் உள்ள கல்சியம் இந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். ஒளி புகும் அலுமினாவைக் கெடுக்க அவ்வளவு போதும்.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். குழாய்க்குள் கல்சியம் வரக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்ட அதே விளக்கில், குழாயின் முனைகளைச் சோடியம் கசியாமல் அடைக்கப் பயன்படுத்திய பசை என்ன தெரியுமா? கல்சியம் அலுமினேற்றை அடிப்படையாகக் கொண்ட கலவைதான். அலுமினாவைவிடக் குறைந்த சூட்டில் உருகி, அலுமினாவோடு நன்றாக ஒட்டும் என்பதே காரணம். உலைச்சுவரில் ஆபத்தான அதே குணம் இங்கே பயனாயிற்று.

*நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது*

சுண்ணாம்பு நல்லதா கெட்டதா என்று கேட்டால் இந்த வரலாறு விடை தராது. எங்கே, எவ்வளவு, எந்தச் சூட்டில், யாருடன் சேர்த்து என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விடை தரும். எமது பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும்போது நாம் பழக்க வேண்டியது இந்தக் கேள்விகளைத்தான். மனப்பாடம் செய்த சூத்திரம் பரீட்சைக்கு உதவும். கூரைக்குக் கீழே நிற்கும்போது இந்தக் கேள்விகள்தான் உதவும்.

ஸ்டெப்னிக் கூரை விழுந்தது அறியாமையால் அல்ல. தெரிந்தவர்கள் எழுதிவைத்தது கட்டுகிறவர்களிடம் போய்ச்சேரவில்லை. போய்ச்சேர்ந்த இடத்திலும் அவசரமும் இலாபமும் அதைவிடச் சத்தமாகப் பேசின.

எமது ஊரிலும் பாடசாலைக் கட்டடங்கள் எழுகின்றன. பள்ளிவாசல்களும் நூலகங்களும் எழுகின்றன. பெரும்பாலும் ஊர்ப் பணம், தாய்மார் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணம். நாம் பாவிப்பது போர்ட்லண்ட் சீமெந்து, மேலே சொன்ன பளிங்கு மாற்றம் அதற்கு இல்லை. ஆனால் தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்ற விதி அதற்கும் பொருந்தும். கொங்கிரீட் போடும் நாளில் கலவை இறுக்கமாக இருக்கிறதென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதைக் கண்டால், நிர்வாக சபையினர் வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்ல வேண்டும். பீம் சுவரில் எவ்வளவு தூரம் தங்குகிறது என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். கேம்டன் மண்டபத்தின் முக்கிய குறை அதுதான். அச்சுப் பலகையை எத்தனையாம் நாள் கழற்றலாம் என்பதை மேசனின் அடுத்த வேலை தீர்மானிக்கக்கூடாது. போட்ட கொங்கிரீட்டை நாட்கணக்கில் ஈரமாக வைத்திருக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

திறப்பு விழாத் திகதியை முதலில் குறித்துவிட்டு, அதற்கேற்ப கொங்கிரீட்டை அவசரப்படுத்தும் பழக்கம் எம்மிடம் உண்டு. விழாவை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் யாருக்கும் நட்டமில்லை. அந்தக் கூரைக்குக் கீழே அடுத்த ஐம்பது வருடங்கள் இருக்கப்போவது எம் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்.